வளாக நூலகம் எல்லா மாணவருக்குமாக: எங்கே தொடங்குவது?

கேள்வி: திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் படிக்கிறார்கள். நூலகச் சேர்க்கை எல்லாருக்கும் பொருந்த என்ன செய்யலாம்?

புதிதாக வாங்குவதற்கு முன் பட்டியலைத் திருத்துங்கள். தமிழ்ப் புத்தகம் இறாக்கையில் இருக்கும், தேடினால் வராது. பழைய பதிவுகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் ‘மூதூர்’ என்று தேடுபவருக்கு ஒன்றுமே அகப்படாது. யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’வில் வரும் குறியை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், சில தேடல்களுக்கு வேறு. பதிவுகளை மொத்தமாக எடுத்து என்எஃப்சி எனும், இரண்டையும் ஒற்றைக் குறியாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ‘கௌ’வைக் ‘கெ’யும் ‘ள’வுமாக அடித்திருந்தால் மட்டும் கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது மொழிக்குறி. மார்க் (நூலகப் பட்டியலைக் கணினியில் பதியும் வடிவம்) பதிவின் 008 புலத்தில் 35 முதல் 37 வரையான இடங்கள் அதற்குரியவை. வார்ப்புருவில் ஆங்கிலக் குறி முன்கூட்டியே கிடந்தால் சிங்களப் புத்தகமும் ஆங்கிலக் கணக்கில் ஏறிவிடும். அப்படி வரும் மொழிவாரி அறிக்கையை நம்பி நிதியைப் பிரிக்க வேண்டாம். எழுந்தமானமாக 300 புத்தகங்களைக் கையில் எடுத்து மொழி, பதிப்பிடம், ஆண்டு, கடைசியாக இரவல் போன திகதி ஆகியவற்றைக் குறியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு பேர் இருந்தால் சில நாளில் முடியும்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் கிறிஸ்தவத்துக்கு 220 முதல் 289 வரை இடம். இந்து சமயம் 294.5, பௌத்தம் 294.3, இஸ்லாம் 297. புத்தக முதுகுச் சீட்டில் இடம் போதாதென்று தசமத்தை வெட்டினால் தேவாரமும் தம்மபதமும் 294இல் ஒன்றாகக் குவியும். சித்த மருத்துவ நூல்களுக்கு ‘ஆயுர்வேதம்’ என்ற பொருட்தலைப்பை மட்டும் போடுவதும் அதே வகைத் தவறு. இங்கே சித்த மருத்துவம் ஒரு பட்டப்படிப்பு!

கிண்ணியா, மூதூர் எழுத்தாளர்களின் புத்தகங்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. பலவற்றுக்கு ஆசிரியரே வெளியீட்டாளர். விலைமனு கோரினால் கொழும்புக் கடைகள் அவற்றைத் தரமாட்டா. நேரடிக் கொள்வனவுக்கான அனுமதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்று, இரண்டு பிரதிகள் வாங்குங்கள்: ஒன்று இரவலுக்கு, ஒன்று உசாத்துணைக்கு. வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் பற்றி அச்சில் கிடைப்பது சொற்பம். அவர்கள் சம்மதத்தோடு வாய்மொழிப் பதிவுகளைச் சேர்ப்பதுதான் வழி.

பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு இலவச என்விடிஏ திரைவாசிப்பான் போதும், ஈஸ்பீக் தமிழ்க் குரல் அதிலேயே உண்டு. படமாக மட்டும் வருடிய பிடிஎஃப்பை நேரடியாக வாசிக்காது. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் வருடி, படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரியில் இட்டு, பிழை பார்த்த பிறகே கொடுங்கள்.