துருப்பிடித்த பழைய லோடு ஆட்டோவை வீட்டிலேயே சீர்செய்தல்: கேள்வி பதில்

பஜாஜ் நிறுவனத்தின் பழைய டூ ஸ்ட்ரோக் லோடு ஆட்டோவைச் சீர்செய்வது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் வீட்டு முற்றத்தில் மூன்று வண்டிகளை எழுப்பி ஓடவைத்திருக்கிறேன். இந்த வண்டியின் வம்சம் இத்தாலியில் தொடங்குகிறது. வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோவே 1948இல் பியாஜியோ நிறுவனத்துக்காக ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கரப் பாரவண்டியையும் உருவாக்கினார். அவர்கள் மொழியில் வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. பியாஜியோவின் உரிமம் பெற்று 1960களில் இங்கே தயாரிப்பைத் தொடங்கிய பஜாஜ், 1971இல் அந்த உரிமம் முடிந்த பிறகும் அதே அடிப்படையில் வண்டிகளைத் தயாரித்து வந்தது. எனவே பழைய ஸ்கூட்டர் வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு இந்த எஞ்சினும் அந்நியமாக இராது.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: ஐயா, தாத்தா காய்கறி ஏற்றிய லோடு ஆட்டோ 20 ஆண்டுகளாக மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தரைத் தகடு ஓட்டை விழுந்துவிட்டது. இது மீட்கத் தகுந்ததா? எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எஞ்சினைத் தொடாதீர்கள். பலரும் எஞ்சின் ஓடினால் போதும் என்று அங்கேதான் பணத்தைக் கொட்டுகிறார்கள். பிறகு வண்டியின் எலும்பே உளுத்துப் போயிருப்பதைக் கண்டு பாதியில் கைவிடுகிறார்கள். எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்கும், சேஸிஸுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

ஒரு சிறிய சுத்தியலும் கூர்மையான ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் ஃபோர்க் நுழையும் தலைக்குழாயைச் சுற்றியுள்ள பற்றவைப்புகள், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்கள், பின்சக்கரங்களைத் தாங்கும் கைகள் சேஸிஸுடன் பொருந்தும் இடங்கள், சரக்கு ஏற்றும் தொட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைக்கத்தான் வேண்டும். மாட்டுக் கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் கீழ்ப்பாகத்தைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள். சாணமும் மூத்திரமும் ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு உப்பையும் சேர்ப்பதால், அங்கே நின்ற வண்டிகள் அடியிலிருந்தே கரைகின்றன.

தரைத் தகட்டின் ஓட்டையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது ஒரு வார டிங்கரிங் வேலை. தலைக்குழாயும் பின் கைகள் பொருந்தும் இடங்களும் உறுதியாக இருந்தால் உங்கள் தாத்தாவின் வண்டி எழுந்துவிடும். அந்த மூன்று இடங்களும் உளுத்திருந்தால், சாலையில் ஓட்டும் எண்ணத்தை விட்டு, நினைவுப் பொருளாக வீட்டில் நிறுத்திவைப்பதையே நான் சொல்வேன்.

கழற்றத் தொடங்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்துக்கு உரியது என்று சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: துருவை நீக்க எலுமிச்சை உப்பு, வினிகர், புளி, மின்சார முறை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பாகத்தைப் பொறுத்தது. சேஸிஸ், தொட்டித் தகடு போன்ற பெரிய பரப்புகளுக்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டரில் மாட்டும் கம்பி வட்டு ஆகியவையே போதும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் அவசியம்.

சிறிய பாகங்களுக்கு எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் அமிலம் மிக நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பிரஷால் தேய்த்து, சலவை சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெயோ பிரைமரோ பூசிவிட வேண்டும். தாமதித்தால் அரை மணி நேரத்திலேயே செம்மை படரும். பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் புளி போடுவதும் இதே அமில வேலைதான். லேசான துருவுக்குப் புளியும் பயன்படும் என்றாலும், வண்டி வேலைக்கு எலுமிச்சை உப்பே மலிவு, சுத்தம். ஸ்பிரிங்குகளையும் கடினமான உயர்தர போல்ட்டுகளையும் மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும்.

மின்சார முறையில் பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், பிளஸ் முனையை வேண்டாத இரும்புத் துண்டிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் உங்கள் பாகமே கரையத் தொடங்கும். பிளஸ் முனையில் எவர்சில்வரை ஒருபோதும் வைக்காதீர்கள்; அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கலந்துவிடும். அலுமினியப் பாகங்களைச் சோடா அரிக்கும் என்பதால் கார்புரேட்டரும் எஞ்சின் உறையும் இந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் மட்டுமே செய்யுங்கள். சார்ஜரை நிறுத்திய பிறகே பாகத்தைத் தொடுங்கள்.

உங்களைப் போல் கடலோரத்தில் இருப்பவர்கள் எந்த முறைக்கும் முன்பாக, வண்டி முழுவதையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு குழிகளுக்குள் தங்கியிருந்தால் மேலே எத்தனை கோட் பூசினாலும் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: டிங்கர் கடையில் ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து அடைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செலவு குறைவு. செய்யலாமா?

செய்ய வேண்டாம். பட்டி என்பது நல்ல தகட்டின் மேல் உள்ள சிறு மேடுபள்ளத்தைச் சமன்செய்வதற்கு மட்டுமே. ஓட்டையின் மேல் வைத்த பட்டி பின்புறத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். துரு, தான் எந்த இரும்பிலிருந்து உண்டானதோ அதைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையுடையதால், உள்ளே வளரும் துரு பட்டியை வெளியே தள்ளிவிடும். நான் சீர்செய்த முதல் வண்டியில் இந்தத் தவற்றை நானே செய்தேன். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் விளிம்புகளைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் மேலோடு பட்டியும் பெயிண்ட்டும் பூசினேன். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் விளிம்பு நெடுகிலும் கொப்புளங்கள் எழுந்துவிட்டன. முழுவதையும் சுரண்டி மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

உளுத்த பகுதியைச் சுற்றி, பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். தரைக்கும் பக்கங்களுக்கும் 18 கேஜ் தகடு ஏற்றது. ஒரே மூச்சில் நெடுகப் பற்றவைக்காமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு சூட்டில் நெளியாது. சேஸிஸ் சட்டத்தில் ஒட்டு வைப்பதை மட்டும் அனுபவமுள்ள வெல்டரிடம் விட்டுவிடுங்கள். அது பாரம் தாங்கும் இடம், உயிர் சம்பந்தப்பட்டது. வெட்டும்போது சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் தேய்த்துவிடாதபடி முன்கூட்டியே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

பெட்டிச் சட்டங்களின் உட்புறத்துக்கு, பெயிண்ட் வேலை முடிந்த பிறகு துரு தடுக்கும் மெழுகை நீளக் குழாய் வைத்துத் தெளியுங்கள். லாரிக்காரர்கள் போலப் பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பதை நான் ஏற்பதில்லை. அது ரப்பரைக் கெடுக்கும், மழையில் வழிந்து மண்ணையும் கெடுக்கும்.

மதுரையிலிருந்து ஒருவர்: பெட்ரோல் டேங்க்கில் உள்ளே துரு, அடியில் ஊசிமுனை ஓட்டை. காலியாகத்தானே இருக்கிறது, பற்றவைத்துவிடலாமா?

தயவுசெய்து பற்றவைக்காதீர்கள். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் தகட்டின் குழிகளிலும் பிசினிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கே வெடிக்கும். ஈயம் வைத்து அடைப்பதற்குக் காட்டும் நெருப்பும் இதே ஆபத்தை உடையது. சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் பலமுறை அலசி, பிறகு இந்த வேலையையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். உட்புறத் துருவுக்கு ஒரு கைப்பிடி சிறு நட்டுகளை எண்ணிப் போட்டு, எலுமிச்சை உப்புத் தண்ணீருடன் குலுக்குங்கள். எண்ணிப் போட்டால்தான் எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று தெரியும். அலசிக் காயவைத்தவுடன் சிறிது 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலை) உள்ளே ஊற்றிச் சுழற்றிவிடுங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பி இளகக்கூடும். அவற்றைப் புதிதாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியரில் போட்டு வேறொரு வண்டியால் இழுத்தால் விடுபடுமா?

இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், ரிங் உடையும். இந்த எஞ்சினின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். பெரும்பாலும் சிலிண்டர் சுவரில் படிந்த துருவே பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி டீசலும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றி, நான்கைந்து நாள் ஊறவிடுங்கள். பிறகு மேக்னெட் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலைமேல் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம்.

விடுபட்டவுடன் ஸ்டார்ட் செய்துவிட வேண்டாம். சிலிண்டரை லேத்தில் காட்டி, தேவையானால் போரிங் செய்து, அதாவது உட்துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள். அதைவிட முக்கியமானது கிராங்கின் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டின்) இருபக்க ஆயில் சீல்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்குள்தான் பெட்ரோல் கலவை அழுத்தம் பெறுகிறது. மேக்னெட் பக்கச் சீல் காய்ந்து வெடித்திருந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்து, எஞ்சின் தானாகவே வேகமெடுத்துச் சூடாகி மீண்டும் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, நிற்காமல் புகை வரும். போரிங்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுச் சீலை மாற்றாமல் விட்டவர்களின் வண்டிகளை நான் பலமுறை மறுபடி பிரித்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: சக்கரம், பிரேக் பற்றிச் சொல்லுங்கள். உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?

சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளாகப் போல்ட்டால் இணைந்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம் பாதி வெடித்துப் பறக்கும். வால்வு ஊசியைக் கழற்றி எடுத்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். பிரேக்கில் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். உட்சுவரில் துருக்குழி இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். பழைய லைனரில் கல்நார் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உதிரிபாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்குப் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட ஒப்பிட்டு வாங்குவதே பிழையற்றது.

கோவையிலிருந்து ஒருவர்: விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய முடியுமா?

2021இல் வந்த மத்திய விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வாகனங்களையே விண்டேஜ் என்று வரையறுக்கின்றன. மூன்று சக்கரம் அதில் இடம்பெறவில்லை. இந்நாட்டின் சந்தைகளையும் சிறு வணிகத்தையும் சுமந்த வண்டிக்கு அந்த ஏட்டில் இடமில்லாதது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. ஆகவே வாங்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டு, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க இயலுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி: அப்பா தன் கடைப் பெயரைத் தொட்டியின் பக்கத் தகட்டில் ஓவியரைக் கொண்டு எழுதவைத்திருந்தார். எழுத்துகளுக்கு நடுவே துரு எட்டிப்பார்க்கிறது. எழுத்தை அழிக்காமல் துருவை மட்டும் நிறுத்த முடியுமா?

முடியும் அம்மா. முதலில் எழுத்துகளைப் படம் எடுத்து, டிரேசிங் தாளில் உண்மை அளவிலேயே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை மென்மையான ஷாம்பு கலந்த தண்ணீரில் பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாளும் ரப்பிங் காம்பவுண்டும் வேண்டாம், இரண்டும் எழுத்தைச் சேர்த்தே எடுத்துவிடும். துரு தெரியும் புள்ளிகளில் மட்டும் மூங்கில் குச்சியால் உதிர்வதை எடுத்து, எலுமிச்சை உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் ஒற்றி, நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். பெரும்பாலும் துரு பின்புறத்திலிருந்துதான் வந்திருக்கும். ஆகவே தகட்டின் பின்பக்கத்தை முழுமையாகச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமலும் பூசிவிடுங்கள். பிரைமரோடு மட்டும் விட்டால் அது ஈரத்தை உறிஞ்சும். முன்பக்கத்தில் கிளியர் லாக்கர் அடிக்கத் தோன்றும். அதன் தின்னர் பழைய எனாமலை உரித்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால் அதைத் தவிர்த்து, அரைக்கும் பொருள் கலவாத கார் மெழுகை மெல்லிய துணியால் பூசுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பூசி, வண்டியை மேற்கு வெயில் படாத பக்கமாக நிறுத்துங்கள்.