சும்மா விளையாடினேன்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கு வயது. விளையாட்டு வழியாகவே கற்பிக்கிறோம் என்று சொல்லும் ஒரு பள்ளிக்கு ஐந்து மாதமாகப் போய்வருகிறாள். நோட்டு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால் "சும்மா விளையாடினேன்" என்கிறாள். பையில் வருவது சாயம் அப்பிய தாளும் கிறுக்கலும்தான். அதே வயதில் இருக்கும் என் அக்கா மகன் நூறு வரை சொல்கிறான், எழுத்துகளை எழுதுகிறான். எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று கணவர் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. வீட்டிலாவது நான் எழுத்து சொல்லிக்கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

எழுத வருவதற்கு முன் இரண்டு வருடம் இப்படி ஒரு வகுப்பில் உதவியாளாக இருந்தேன். உங்கள் கணவரின் கேள்வி முதல் மாதம் முழுக்க எனக்கும் இருந்தது. ஒரே வித்தியாசம், நான் பணம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த நூறு. எங்கள் வகுப்பில் ஒரு பையன் அறுபது வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஒருநாள் ஐந்து பொம்மைகளை உட்கார வைத்துவிட்டு, எல்லாருக்கும் தட்டு வேண்டும் என்று அலமாரிக்குப் போனான். கை கொண்ட மட்டும் அள்ளிவந்தான். மூன்றுதான் இருந்தது. திரும்பப் போய் அள்ளியதில் நான்கு மிஞ்சிவிட்டது. பக்கத்தில் இருந்த சிறுமி, இருபதுக்கு மேல் சொல்லத் தெரியாதவள், ஒவ்வொரு பொம்மையையும் தொட்டுக்கொண்டே ஐந்து விரலை மடக்கினாள், போய் ஐந்து தட்டு எடுத்துவந்தாள். அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணுவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற வேலையை ரோஷல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான். எண்களின் வரிசை மாறாது. கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் அதேதான். ஒப்பிக்கும் குழந்தைக்கு இவற்றில் வரிசை மட்டும் வந்திருக்கலாம். உங்கள் அக்கா மகனுக்கு மற்றவையும் வந்திருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு வரை சொல்வதை வைத்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. தட்டு வைக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

அடுத்தது கட்டை மூலை. எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். நல்ல வகுப்புகளில் இருக்கும் மரக்கட்டைகள் கண்டபடி அறுத்தவை அல்ல. கரோலின் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தவை. ஒரு கட்டையின் உயரத்தைப்போல அகலம் இரண்டு மடங்கு, நீளம் நான்கு மடங்கு. பாதிக் கட்டை உண்டு, இரட்டைக் கட்டை உண்டு. பாலம் கட்டும் குழந்தைக்கு நீளக் கட்டை தீர்ந்துபோகும். அழும், இன்னொருவரிடம் பிடுங்கப் பார்க்கும், அப்புறம் இரண்டு சின்னக் கட்டைகளை ஒட்டிவைத்துப் பார்க்கும். நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் நடுவில் தாங்க ஆளில்லாமல் விழுந்துவிடுகிறது! அடியில் ஒரு தூண் வைக்கும். பாதி, இரட்டை, பாரம், தாங்கல் எல்லாமே அந்தக் கால் மணி நேரத்தில் கைவழியாகப் போய்விட்டன. சொற்கள் பல வருடம் கழித்து வரும். வரும்போது அவை உட்கார ஓர் இடம் இருக்கும்.

இது புதிய மோகமும் இல்லை. 1837-இல் ஜெர்மனியில் சின்னக் குழந்தைகளுக்காகத் தன் நிலையத்தைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபுரோபெல், அதற்கு முன் கனிமப் படிகங்களை வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர். அவர் குழந்தைகள் கையில் கொடுத்தது கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம். 1840-இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். 1851-இல், அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு, நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்று சொல்லி இந்தப் பள்ளிகளைத் தடை செய்தது. உங்கள் மகள் 'சும்மா' என்று சொல்லும் ஒன்றைப் பார்த்து ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது.

வேஷம் போட்டு விளையாடுவதில்தான் பெரியவர்களுக்கு எதுவுமே கண்ணில் படாது. நான்கு நாற்காலியைப் போட்டால் அது பஸ். ஒருநாள் இரண்டு பேருக்கும் டிரைவர் ஆக வேண்டும். கத்தல். டீச்சர் எழுந்து போகவில்லை, கை ஓங்கினால் போகலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் பேச்சுவார்த்தை. கடைசியில் ஒருவன் சொன்னான்: "நீ மலை வரைக்கும் ஓட்டு. அங்கிருந்து நான் ஓட்டுறேன்." இதைவிட நல்ல தீர்ப்பை எந்தப் பெரியவரும் கொடுத்திருக்க முடியாது. மலை வரும்வரை அவன் பயணியாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தான். கதை நேரத்தில் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை அவன்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் நிகழ்த்திய உரை ஒன்றில் இரண்டு அக்கா தங்கைகளைப் பற்றிச் சொல்வார். அவர்கள் 'அக்கா தங்கை விளையாட்டு' விளையாடுகிறார்கள். நிஜத்தில் யோசிக்காமல் இருந்துவிடும் உறவை, விளையாட்டில் ஒரு விதியாக எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பயணி என்றால் உட்கார வேண்டும், நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். யாரும் அதட்டாமல், தானே ஏற்றுக்கொண்ட விதி. அடங்கி உட்காருவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

களிமண், கத்தரிக்கோல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சின்ன எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பாக இருக்கும், ஒவ்வொன்றாக இறுகிவர வருடக்கணக்கில் ஆகும். நான்கு வயதுக் கைக்கு நான்கு வரி நோட்டைவிடக் களிமண் பொருத்தம், அவ்வளவுதான்.

சரி, டீச்சருக்கு என்ன வேலை? பஸ் சண்டை நடந்த மறுநாள் அவர் அந்த நாற்காலிகள் பக்கத்தில் துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். அரை மணியில் டிக்கெட் அச்சடிக்கப்பட்டது. எல்லாம் கிறுக்கல்தான். ஆனால் ஒவ்வொன்றும் இடமிருந்து வலமாக, வரி வரியாக, நடுவில் இடைவெளி விட்டு ஓடிய கிறுக்கல். "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால் தயங்காமல் வாசித்தார்கள். எழுத்து என்பது பேச்சைத் தாளில் வைக்கும் வழி என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் பள்ளிக்கு நான் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். பொம்மைகளைக் கொட்டிவிட்டு டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களும் இதே பெயரில்தான் நடக்கின்றன. ஒருநாள் போய், "இந்த வாரம் என் மகள் எதில் மெனக்கெட்டாள்?" என்று கேளுங்கள். "நல்லா இருக்காங்க" என்று மட்டும் பதில் வந்தால் நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. "மூன்று நாளாக ஒரு வளைவு கட்டப் பார்க்கிறாள், நேற்றுதான் நின்றது" என்று வந்தால் பணத்தைக் கட்டுங்கள்.

வீட்டில் எழுத்து சொல்லிக்கொடுக்கலாமா என்றால், தாராளமாக. விளையாட்டுப் பள்ளிக்காரர்கள் சிலரோடு நான் ஒத்துப்போகாத இடம் இது. பாட்டும் எதுகையும் காதைப் பழக்கும், ஆனால் எந்தக் கோட்டுக்கு எந்த ஒலி என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். அவள் பெயரின் முதல் எழுத்தில் தொடங்குங்கள். அவள் கேட்கும்போது காட்டுங்கள், எழுந்து போனால் விட்டுவிடுங்கள். 'என்ன படித்தாய்' என்று கேட்பதற்குப் பதில், இன்றைக்கு பஸ்ஸை யார் ஓட்டினார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

அந்தத் தாள்களையும் குப்பையில் போடுவதற்கு முன் அவளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் சொல்வதை மூலையில் சின்னதாக எழுதி, தேதி போட்டு வையுங்கள்.