முதல் ஆண்டில் நழுவிய பந்துகள்

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ‘வைட் ரிசீவர்’ என்ற இடத்தில் இந்த ஆண்டுதான் சேர்ந்தான். நேராகக் கைக்கு வரும் பந்துகளைக்கூட நழுவ விடுகிறான். சென்ற ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுவதும் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். “ஒத்துவராத விளையாட்டை விட்டுவிட்டுப் படிப்பைப் பார்” என்கிறார் என் கணவர். “ஜெர்ரி ரைஸ்கூட முதல் வருஷம் பந்தை விட்டவர்தான்” என்று சொல்லிவிட்டு மகன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். எனக்கு இந்த விளையாட்டே புரியாது. அவன் சொல்வது உண்மையா? தொடர விடலாமா, நிறுத்திவிடலாமா? அடிபடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். 1985-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்த ஜெர்ரி ரைஸ், அந்தப் பருவத்தின் தொடக்க மாதங்களில் கைக்கு வந்த பந்துகளை அடிக்கடி தவறவிட்டார். சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கிலேயே ரசிகர்கள் கூச்சலிட்டு அவரை ஏளனம் செய்தார்கள். பின்னாளில் 1,549 பந்துகளைப் பிடித்து 22,895 யார்டுகள் கடந்து, இன்றுவரை எவரும் எட்டாத உயரத்தில் இருப்பவரும் அவரேதான். இந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, இடையில் நடந்ததை உங்கள் மகன் விட்டுவிடுகிறான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. உங்களுக்கு வேண்டிய விடை அந்த இடைப்பகுதியில் இருப்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அவனுடைய வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வைட் ரிசீவர் ஆட்டக்கோட்டின் ஓரத்தில் நிற்பார். ஆட்டம் தொடங்கியதும், முன்பே வகுத்த பாதையில் இத்தனை யார்டு ஓடி, இந்தப் பக்கம் திரும்பி, குவாட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்க வேண்டும். அவரைத் தடுப்பதற்கென்றே எதிரணியில் ஒருவர் ஒட்டிக்கொண்டு ஓடிவருவார். பார்ப்பவருக்குக் கை மட்டுமே கண்ணில் படும். உண்மையில் பந்து கைக்கு வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

ரைஸின் இளமையில் உங்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் கிராஃபர்டு என்ற சிற்றூரில் வளர்ந்த அவரை, உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் கால்பந்து அணியில் சேர அவருடைய தாய் அனுமதிக்கவில்லை. மறு ஆண்டு, அதாவது உங்கள் மகன் இப்போது படிக்கும் அதே வகுப்பில், பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரிந்தவர் நிர்வாகியின் கண்ணில் பட்டு ஓட்டமெடுத்தார். அந்த ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்தவர் பயிற்சியாளரிடம் சொல்ல, அப்படித்தான் அணிக்குள் வந்தார். ஆகவே தாய் தயங்குவதும், பிள்ளை பத்தாம் வகுப்பில் தொடங்குவதும் இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல.

ரைஸைப் பற்றி எல்லோரும் விரும்பிச் சொல்லும் இன்னொரு செய்தி செங்கல் கதை. கொத்தனாரான தந்தையுடன் கோடை வெயிலில் வேலை செய்தபோது, சகோதரர்கள் கீழிருந்து வீசிய செங்கற்களைச் சாரத்தின் மேல் நின்று பிடித்ததால்தான் கைகள் அப்படி உறுதிப்பட்டன என்பார்கள். கதை உண்மையே; ஆனால் அதற்கு அளவுக்கு மீறிய பெருமை கொடுக்கப்படுகிறது என்பது என் கருத்து. செங்கல் பிடித்த அதே கைகள்தாமே 1985-இல் பந்தையும் நழுவவிட்டன? அதற்கு முந்தைய ஆண்டில்கூட, இட்டா பீனா என்ற ஊரிலுள்ள மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, ஒரே பருவத்தில் 27 டச்டவுன்களுக்கான (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்து புள்ளி பெறுவது டச்டவுன்) பந்துகளைப் பிடித்திருந்தார். ஓராண்டுக்குள் கை மாறிவிடுமா?

மாறியது கை அல்ல, தலையில் ஏற்றப்பட்ட சுமை. கல்லூரியில் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலியின் ஆட்டமுறை வேகமானது, துணிச்சலானது. நான்கு ரிசீவர்களை ஒரே பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, கூடிப் பேச நேரம் எடுத்துக்கொள்ளாமல் அடுத்தடுத்து எறிவார்கள். குவாட்டர்பேக் வில்லி டாட்டனும் ரைஸும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து ஆடினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சியாளர் பில் வால்ஷின் முறையோ காலடிக் கணக்கில் அமைந்தது. குவாட்டர்பேக் ஜோ மான்டானா மூன்று காலடியோ ஐந்து காலடியோ பின்வாங்கி நின்ற நொடியில் பந்து கையை விட்டுப் போய்விடும். பல நேரங்களில் ரிசீவர் அப்போது திரும்பியிருக்கவே மாட்டார். திரும்பும்போது பந்து எதிரே வந்துகொண்டிருக்கும். போதாததற்கு, எதிரணி எப்படிக் காவல் நிற்கிறது என்பதை ஓடும்போதே கணித்து, பாதையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். “சரியாகத்தான் திரும்பினேனா?” என்று மனம் ஒரு கணம் கேட்டால் போதும், பந்து விரலில் பட்டுத் தரையில் விழும்.

வால்ஷ் இதை அறிந்திருந்தார். 1984 அக்டோபரில் ஹூஸ்டனில் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, விடுதி அறையின் தொலைக்காட்சியில்தான் அவர் ரைஸை முதன்முதலாகப் பார்த்தார். அந்தப் பருவத்தின் சாம்பியன் என்பதால் அவருடைய அணிக்கு, புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1985 டிராஃப்டின் முதல் சுற்றில் கடைசி இடமான 28-ஆவது தேர்வுதான் இருந்தது. நியூ இங்கிலாந்து அணிக்குத் தன் தேர்வுரிமைகள் சிலவற்றைக் கொடுத்து 16-ஆவது இடத்துக்கு முன்னேறி ரைஸை எடுத்தார். அப்படி எடுக்கப்பட்ட ரைஸ் பந்துகளை விட்டபோதும், அவர் பக்கம் பந்து எறிவதை வால்ஷ் நிறுத்தவில்லை. ரைஸ் எதிராளியை விலக்கிக்கொண்டு தனியே நின்றுவிடுகிறார் என்பதைப் பயிற்சியாளரின் கண் கவனித்திருந்தது. பிடிப்பது பழக்கத்தில் வந்துவிடும். விலகி நிற்கத் தெரியாதவனுக்கு எத்தனை நல்ல கை இருந்தும் பயனில்லை.

பலன் டிசம்பர் 9 அன்று தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிரான திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் ரைஸ் 10 பந்துகளைப் பிடித்து 241 யார்டுகள் கடந்தார். அணி 27-20 என்று தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் அவர் பிடித்தவை 49, கடந்தவை 927 யார்டுகள். அதில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரே இரவில் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் என்று அசோசியேட்டட் பிரஸ் தேர்ந்தெடுத்தது ரைஸை அல்ல, அவருக்கு மூன்று இடம் முன்னதாக சின்சினாட்டி அணி எடுத்த எடி பிரவுனை! 1989 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அந்த சின்சினாட்டி அணிக்கு எதிராகவே ரைஸ் 11 பந்துகளில் 215 யார்டுகள் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். எடி பிரவுன் அன்று எதிரணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

அதற்காக இடைப்பட்ட காலத்தில் தவறே நிகழவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் 1,570 யார்டுகளுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்றவர், அந்தப் பருவத்தின் இறுதியில், 1987 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில், எவரும் தொடாமலேயே கையிலிருந்த பந்தைத் தவறவிட்டார். டச்டவுனுக்குத் தனியே ஓடிக்கொண்டிருந்த வேளை அது. அணி 49-3 என்று நொறுங்கியது. அடுத்த பருவத்தில், ஆடிய 12 ஆட்டங்களில் 22 டச்டவுன்களுக்கான பந்துகளைப் பிடித்தார். இந்த ஆண்டுகளில் பருவம் முடிந்த மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதை மகனிடம் அவசியம் சொல்லுங்கள்: சக வீரர் ரோஜர் கிரெய்கைப் பின்பற்றி, சான் கார்லோஸ் அருகே எட்ஜ்வுட் பூங்காவின் செங்குத்தான பாதையில் இரண்டரை மைல் ஓடி ஏறினார். பயிற்சியில் ஐந்து யார்டு பந்தைப் பிடித்தாலும், நின்றுவிடாமல் மைதானத்தின் கோடியிலுள்ள எண்ட் ஸோன் வரை ஓடி முடித்துவிட்டுத்தான் திரும்புவார்.

எல்லோரும் ரைஸ் ஆகிவிடுவதில்லை என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கிரீன் பே அணியின் டவான்டே ஆடம்ஸ் இரண்டாம் ஆண்டில் கணுக்கால் காயத்தோடு ஆடி, பந்துகளை விட்டு, ஒரே ஒரு டச்டவுனுடன் முடித்தார். மூன்றாம் ஆண்டான 2016-இல் 12 எடுத்தார். மாறாக, டம்பா பே அணியின் மைக்கேல் கிளேட்டன் 2004-இல் தன் முதல் ஆண்டிலேயே 1,193 யார்டுகள் எடுத்துக் கொண்டாடப்பட்டு, அதன் பிறகு எந்த ஆண்டிலும் 500 யார்டைக்கூடத் தொடவில்லை. முதல் ஆண்டின் எண்கள் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். மேலும், உயர்நிலைப் பள்ளியில் ஆடுபவர்களில் கல்லூரி அணியில் இடம் பெறுபவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். ஆகவே தொழில்முறை ஆட்டத்தைக் கணக்கில் வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். படிப்பு எப்படியும் நடந்தாக வேண்டியதே.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். “ஏன் விட்டாய்?” என்று கேட்டால் அவன் கதவைத்தான் சாத்துவான். “பந்து வரும்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று கேளுங்கள். பள்ளி அணிகள் பெரும்பாலும் தங்கள் ஆட்டங்களைப் படம் பிடித்து வைத்திருக்கும். அவற்றை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். விளையாட்டு புரியாவிட்டாலும் கண்ணைக் கவனிக்க உங்களால் முடியும். பந்து கைக்குள் வருவதற்கு முன்பே அவன் தலை எதிராளியை நோக்கித் திரும்புகிறதா? அப்படியானால் அது திருத்தக்கூடிய பிழை: பந்து உடலோடு அணைத்துக்கொள்ளப்படும் வரை கண் அதை விட்டு அகலக் கூடாது என்பதை மட்டும் பழகினால் போதும். கைகளையும் பாருங்கள். மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் அருகருகே இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் அருகருகே இருக்க வேண்டும். புதியவர்கள் பந்தை உள்ளங்கையில் அறைய விட்டு, அது எகிறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவை எதுவும் இல்லாமல், எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்பதே அவனுக்குக் குழப்பமாக இருந்தால், மைதானத்தை விட அணியின் ஆட்டத்திட்டக் குறிப்புகளோடுதான் அவன் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பயிற்சியாளரிடம் நீங்களோ கணவரோ போய்ப் பேச வேண்டாம், அவனே போகட்டும். “என்னை ஏன் உட்கார வைத்தீர்கள்?” என்று கேட்காமல், “நான் எதிராளியை விட்டு விலகி நிற்கிறேனா?” என்று கேட்கச் சொல்லுங்கள். வால்ஷ் ரைஸிடம் கவனித்தது அதைத்தான். ஆம் என்று விடை வந்தால், பிடிப்பதற்குக் காலம் இருக்கிறது.

அடிபடும் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தலையில் ஏற்படும் அதிர்ச்சி இந்த விளையாட்டில் உண்மையான ஆபத்து. உங்கள் மாநிலச் சட்டப்படி, பள்ளி அணிகள் பருவத்தின்போது முழுமையாக மோதும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடத்துக்கு மேல் நடத்தக் கூடாது. பருவம் முடிந்த பின் அத்தகைய பயிற்சியே கூடாது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே அன்று மீண்டும் இறக்கக் கூடாது. மருத்துவரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது ஏழு நாள் படிப்படியாகத்தான் திரும்ப முடியும். இந்த விதிகளை அவனுடைய பள்ளி உண்மையாகவே பின்பற்றுகிறதா என்பதை மட்டும் நீங்களே நேரில் போய் விசாரியுங்கள். திருப்தியான விடை கிடைக்கவில்லை என்றால், அந்தக் காரணத்துக்காக அவனை நிறுத்துவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பந்தை விட்டான் என்பதற்காக இப்போதே நிறுத்த வேண்டாம். நவம்பர் வாக்கில் பருவம் முடிந்துவிடும். அதுவரை ஆடட்டும், தொடர்வதா என்பதை அதன் பிறகு மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.