பழைய ரேடியோ டிஷ்ஷைப் புதுப்பித்தல்: கேள்வி பதில்

கேள்வி: 10 மீட்டர் வலைப்பரப்பு டிஷ் ஒன்று பல வருடமாகச் சும்மா நிற்கிறது. ரிசீவரை மட்டும் மாற்றினால் 1420 மெகாஹெர்ட்ஸ் ஹைட்ரஜன் கோட்டை (விண்வெளி ஹைட்ரஜன் வாயு வெளியிடும், 21 செ.மீ. நீள ரேடியோ அலையை) பார்க்க முடியுமா?

பதில்: முதலில் பரப்பை அளந்துவிடுங்கள். பரப்பின் சராசரிப் பிசகு 5 மி.மீ. என்றால் 21 செ.மீ. அலையில் 9 சதவீதம்தான் இழப்பு, கவலையில்லை. 1 செ.மீ. என்றால் சுமார் 30 சதவீதம் போய்விடும். 2 செ.மீ. என்றால் கால் பங்குகூட மிஞ்சாது, எந்த ரிசீவராலும் அதை மீட்க முடியாது. பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி டோட்டல் ஸ்டேஷனால் (நில அளவைக் கருவியால்) அளக்கலாம். விடியுமுன் செய்யுங்கள். வெயில் பட்ட பக்கம் விரிந்து கணக்கைக் கெடுக்கும். டிஷ் நேர் மேலே பார்க்கும்போது ஒரு முறை, சாய்ந்திருக்கும்போது ஒரு முறை அளக்க வேண்டும். தன் எடையிலேயே அது தொய்யும். வலைக்கண் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் தரையின் வெப்ப இரைச்சல் பின்னாலிருந்து கசியும்.

கேள்வி: எல்.என்.ஏ.வை (இரைச்சல் குறைந்த முதல் பெருக்கியை) கீழே அறையில் வைக்கலாமா? ஏறி இறங்குவது சிரமம்.

பதில்: வேண்டாம். எல்.என்.ஏ.வுக்கு முன்னால் 1 டெசிபெல் கேபிள் இழப்பு வந்தாலே 75 கெல்வின் இரைச்சல் சேரும் (ரேடியோ இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்வது வழக்கம்). நல்ல எல்.என்.ஏ.வின் சொந்த இரைச்சலே 30 கெல்வின் அளவுதான். டிஷ்ஷின் குவியத்தில் அலையை வாங்கும் ஃபீடின் கனெக்டரிலேயே நேராக மாட்டுங்கள். அங்கே 40 டெசிபெல் பெருக்கம் கிடைத்துவிட்டால், அதன்பின் கேபிள் 10 டெசிபெல் தின்றாலும் பாதகமில்லை.

கேள்வி: மாட்டியாயிற்று. பக்கத்தில் செல்போன் கோபுரம் இருக்கிறது, ஸ்பெக்ட்ரம் முழுக்க வேண்டாத கோடுகள். வெளியிலிருந்து வருகிறதா, உள்ளே பிறக்கிறதா?

பதில்: எல்.என்.ஏ.வுக்கு முன் சிக்னலைக் குறைக்கும் 3 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டுப் பாருங்கள். கோடு 3 டெசிபெல் இறங்கினால் வெளியிலிருந்து வருவது. 9 டெசிபெல் இறங்கினால் எல்.என்.ஏ. திணறி உள்ளேயே உண்டாக்குவது. அப்போது மட்டும் முன்னால் இழப்பு குறைந்த கேவிட்டி ஃபில்டர் போடுங்கள். மற்றபடி ஃபில்டர் முதல் எல்.என்.ஏ.வுக்குப் பின்னால்தான்.

கேள்வி: மொத்த இரைச்சலைச் சரிபார்ப்பது எப்படி?

பதில்: பால்வீதியை விட்டு விலகிய வானத்தை, உச்சிக்கு அருகில் பார்த்து அளவெடுங்கள். பிறகு ஃபீடை உறிஞ்சும் நுரைப்பலகையால் முழுதாக மூடி அளவெடுங்கள். பலகை 290 கெல்வின், வானம் சுமார் 10 கெல்வின், இரண்டு அளவின் விகிதம் 4 என்றால் ரிசீவர் (290 − 40) ÷ 3, அதாவது 83 கெல்வின். இது அதிகம். பெரும்பாலும் கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கும்.

கேள்வி: புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில் 32 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையை 400 ஆக்கினார்களே, நாமும் அகலப் பட்டைக்குப் போகலாமா?

பதில்: கோடே இல்லாத தொடர் நிறமாலை மூலங்களுக்கு அது பெரிய லாபம், அந்த மாற்றத்தில் இரைச்சல் கணக்குப்படி மூன்றரை மடங்கு குறையும். ஹைட்ரஜன் கோட்டுக்கு அப்படியில்லை. அங்கே 1 மெகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 211 கி.மீ. வேகம், நம் பால்வீதிக்கு 4 மெகாஹெர்ட்ஸ் தாராளம். அதை 1024 சேனலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் வினாடிக்கு 0.8 கி.மீ. செலவழிப்பதானால் சிக்னலை எண்களாக மாற்றும் 8 பிட் டிஜிட்டைசரில் செலவழியுங்கள், இடையூறு வந்தாலும் தாங்கும்.

கேள்வி: ரூபிடியம் கடிகாரம் தேவையா?

பதில்: ஒற்றை டிஷ்ஷுக்கு வேண்டாம். வெப்பநிலை மாறாமல் சூடாக வைக்கும் சிறு கூட்டுக்குள் இருக்கும் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் போதும்.

கேள்வி: புதிய ஃபீட் பெட்டி பழையதைவிடக் கனம். தாங்குமா?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் கிரீன் பேங்கிலிருந்த 91 மீட்டர் டிஷ் 1988 நவம்பரில் இணைப்புத் தகடு ஒன்று விட்டுப்போனதால் சரிந்தது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் 1997 மேம்பாட்டின் கூடுதல் எடைக்காகச் சேர்த்த துணை வடங்களில் ஒன்றுதான் 2020 ஆகஸ்டில் சாக்கெட்டிலிருந்து கழன்றது. டிசம்பரில் டிஷ்ஷுக்கு மேலே தொங்கிய கருவி மேடையே விழுந்தது. அதனால் பெயிண்டைச் சுரண்டி வெல்டிங்கையும் இணைப்புத் தகடுகளையும் பாருங்கள், விரிசலுக்குச் சாயப் பரிசோதனை செய்யுங்கள். எதிர் எடையைப் புதுக் கனத்துக்கு ஏற்ப மாற்றாமல் மோட்டாரை ஓட்டினால் கியர் பல் தேயும். டிஷ் எல்லை தாண்டாமல் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும், மென்பொருளை நம்பி விடாதீர்கள்.