மொட்டை மாடி அனல்

கேள்வி: மேல்மாடியில் குடியிருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலைத்தான் கொட்டுகிறது. ஏசி ஓயாமல் ஓடி, கரண்ட் பில் எகிறுகிறது. தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும்; எனக்கு அதில் உடன்பாடில்லை. சூட்டை மாடியிலேயே மறிப்பதுதான் புத்திசாலித்தனம். சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி முழுக்க அதை உங்கள் அறைக்குள் இறக்குகிறது.

பங்குனியிலேயே மாடியைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்து மங்கும், மழையில் கரையும். வருஷா வருஷம் அடிக்கத்தான் வேண்டும். கையில் காசு இருந்தால் வெள்ளை கூல் டைல்ஸ். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மேலே தட்டை ஓடு பதித்தது சும்மா இல்லை.

அப்புறம், மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை, வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். கதவின் அடி இடுக்கையும் அடையுங்கள். ஏசியை 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் சுழல விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. வாடகை வீடென்றால் சுண்ணாம்புச் செலவை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் மாடிதானே!