வரப்பை வெட்டும் முன்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் 9 மா (சுமார் 3 ஏக்கர்) நிலம் குத்தகைக்குச் செய்கிறேன். இந்தச் சம்பாவில் எலி அதிகம். அறுப்பு முடிந்த மறுநாளே வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் கடப்பாரை, நாயோடு வந்து, எலி பிடிக்கிறோம் என்று வரப்பை நாலு இடத்தில் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் இரண்டு பையன்கள் ஏர்கன்னோடு வந்து மடையான், கொக்கு என்று சுடுகிறார்கள். பக்கத்து வயல்காரர், ‘மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிடு, எலியும் வராது, எவனும் வரமாட்டான்’ என்கிறார். எலி பிடிப்பவர்களை விரட்ட எனக்கு மனசு வரவில்லை, அவர்களால் எனக்கும் லாபம்தான். எதை விடலாம், எதைத் தடுக்கணும்? உள்ளே வந்தவருக்கு ஏதாவது ஆனால் என் பொறுப்பா? வளையில் கிடைக்கிற நெல் யாருக்குச் சேரும் என்று ஊரில் ஒரு தகராறும் ஓடுகிறது.

ம., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ம.,

முதலில் அந்தக் கம்பி. மற்றதெல்லாம் நாளைக்குப் பேசினாலும் பேசலாம்.

மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் இருக்கிறது, ஏதாவது ஆனால் எரிந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் கம்பி இழுக்கிறார்கள். எரியாது. 230 வோல்ட் கம்பியை ஈரக்காலோடு மிதித்தவன் உடம்பில் ஓடுவது கால் ஆம்பியர் அளவுதான். ஃபியூஸ் கம்பி எரியப் பல ஆம்பியர் வேண்டும். ஆள் சாகக் கால் ஆம்பியரே தாராளம், ஆனால் ஃபியூஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தசை இறுகிவிடுவதால் பிடித்த கையை விடவும் முடியாது. முறைத் தண்ணீர் திருப்ப ராத்திரி மண்வெட்டியோடு வருகிறவர், விடியற்காலையில் வரப்போரம் ஒதுங்குகிறவர், புல் அறுக்க வருகிற அம்மா என்று கணுக்கால் உயரத்தில் கட்டிய கம்பி முதலில் எடுப்பது இவர்களைத்தான். விவசாய இணைப்பை வேலிக்குத் திருப்புவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில், மின் திருட்டாக, மாட்டும். ஆள் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 106ஆம் பிரிவு, அதாவது அஜாக்கிரதையால் மரணம், சூழ்நிலையைப் பொறுத்து 105ஆம் பிரிவும், அதாவது கொலையாகாத மரணம், வரும். உங்கள் பொறுப்பா என்று கேட்டீர்களே, கம்பி கட்டினால் முழுக்க உங்கள் பொறுப்பு. அத்துமீறி வந்தான் என்ற வாதம் அங்கே நிற்காது.

சூரிய வேலி வேறு சாதி. அதில் பேட்டரியிலிருந்து ஒரு கருவி நொடிக்கு ஒரு தடவை போல, கண் இமைப்பதற்கும் குறைந்த நேரம் மட்டும் அதிர்ச்சியை அனுப்பும். இரண்டு அதிர்ச்சிக்கும் நடுவில் கையை இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்கும். அந்தக் கருவி இல்லாமல் கம்பியை மட்டும் கட்டி நேரே லைனில் கொடுத்துவிட்டு ‘சோலார்’ என்று சொல்வோரும் உண்டு. எலிக்கு எப்படியும் இது உதவாது. காட்டுப்பன்றிக்கு என்று யாராவது சொன்னால், அதைச் சுடுவதும் உங்கள் வேலை இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம். கிராம நிர்வாக அலுவலர் வழியாக மனு கொடுங்கள். கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், மேய்ச்சல் மாடு வாய் கிழிந்து நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஏர்கன் பையன்கள் விஷயத்தில் பேச அதிகமில்லை. கொக்கு, மடையான், உள்ளான், நாமக்கோழி எதையும் வேட்டையாட 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் அனுமதி கொடுத்தாலும் அது அனுமதி ஆகாது. ‘இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்பார்கள். .177 அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ளதற்கு வேண்டாம்தான். அது துப்பாக்கியை வைத்திருப்பதற்கு, பறவையைச் சுடுவதற்கு அல்ல. இன்னொன்றும் உண்டு. மலைநாட்டில் சுட்டால் பின்னால் ஒரு மேடாவது குண்டைத் தாங்கும். டெல்டாவில் என்ன இருக்கிறது? தட்டையான வயல், அதற்கப்பால் இன்னொரு வயல், அதில் குனிந்து களை பறிக்கும் பெண்கள். தண்ணீர் கட்டிய வயலில் தாழ்வாக அடித்த குண்டு நீர்ப்பரப்பில் தெறித்துத் திசை மாறும். நீங்கள் துரத்திப் போக வேண்டாம். பைக் எண்ணைக் குறித்து வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியவை. அங்கே தங்கும் பறவைகள் இரை தேடுவது உங்களைப் போன்றவர்களின் வயலில்தான். ராத்திரி நரம்பு வலை கட்டுவோர், குருணை மருந்து கலந்த நெல் தூவுவோர் கண்ணில் பட்டாலும் இதே வழிதான். மருந்து தின்று விழுந்த கொக்குதான் சாலையோரத்தில் கறியாக விலை போகிறது என்பதையும் வாங்கித் தின்பவர்கள் யோசிக்கலாம்.

இனி எலி. அவர்கள் கேட்காமல் வந்ததில் உங்களுக்கு மரியாதைக் குறைச்சல் என்று படுகிறது போலும். என்னைக் கேட்டால் மரியாதை இரண்டாவதுதான். கேட்காமல் வந்தவனுக்கு அந்த வயலில் என்ன வைத்திருக்கிறது என்று தெரியாது. முதல் ஆபத்து அதுதான்.

மருந்து வைத்தீர்களா? சிங்க் பாஸ்பைடு என்றால் 49 பங்கு பொரி அல்லது அரிசிக்கு 1 பங்கு மருந்து கலந்து வைத்திருப்பீர்கள். அது வயிற்றில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும். முறிமருந்து கிடையாது. தின்ற எலியைக் கடித்த நாயும் போகும். புரோமோடயலோன் இன்னும் மோசமான ஏமாற்று. அதைத் தின்ற எலி மூன்று நாளுக்கு மேல், சில சமயம் ஒரு வாரம் வரைகூட நன்றாக ஓடும். கையில் பிடித்தால் கொழுத்த, உயிரோட்டமுள்ள எலி. சுட்டுத் தின்கிறவருக்கு அதில் எந்த அடையாளமும் தெரியாது. வளைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டு மூடியிருந்தால், மறுநாள் அதை வெட்டித் திறப்பவர் முகத்தில்தான் வாயு அடிக்கும் (அதை விவசாயிக்குச் சில்லறையில் விற்கவே கூடாது, ஆனால் கைமாறி வந்துவிடுகிறது). ஆகவே வருகிறவர் கேட்க வேண்டும், கேட்டால் நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்: என்ன மருந்து, எந்த வரப்பு, எத்தனை நாள் ஆயிற்று. மருந்து வைத்த வயலில் அந்தப் போகத்துக்கு எலிக்கறி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

யாரைக் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பட்டா கோயில் பேரில் இருக்கும், உடையவர் சென்னையில் இருப்பார். சாகுபடி செய்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டியவர், மருந்து எங்கே என்று தெரிந்தவரும் நீங்கள்தான். வாய்க்கால் கரையும் ஆற்றுக்கரையும் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதில் கடப்பாரை போட நீங்களும் அனுமதி கொடுக்க முடியாது. வெண்ணாற்றுக் கரையில் ஒரு வளையை வெட்டி அரைகுறையாக மூடினால் தண்ணீர் வரும்போது ஊரே மண்மூட்டை சுமக்க வேண்டியதுதான். கேட்காமல் வந்தவர் மேல் வழக்கென்று போனால், வெறுமனே நுழைந்தது மட்டும் அதே நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் (அத்துமீறி நுழைதல்) குற்றமாகாது. குற்றம் செய்யும் நோக்கமோ, மிரட்டும் நோக்கமோ, தொல்லை கொடுக்கும் நோக்கமோ இருக்க வேண்டும். வழக்கைவிட அடுத்த போகத்துக்கு முன்பே ஆளைப் பேசி வைப்பது மேல்.

பேசும்போது கிட்டி போடுபவரா, வளை வெட்டுபவரா என்று பிரித்துப் பேசுங்கள். பயிர் நிற்கும்போது கிட்டிதான் உதவும். தஞ்சாவூர் கிட்டி மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டியது. இரையை எலி இழுத்ததும் முடுக்கு விடுபட்டு, வில் நிமிர்ந்து கயிறு கழுத்தை நெரிக்கும். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. தூரை எலி சாய்வாகக் கத்தரித்த இடத்தையொட்டி, தண்ணீருக்கு மேல் ஒரு கைப்பிடிச் சேற்று மேடை போட்டு வைப்பார்கள். சாயங்காலம் வைத்து, ஆள் வயலில் இறங்கும் முன் விடியலில் எடுத்துவிட வேண்டும். தவறுவது எங்கே என்றால் எண்ணிக்கையில்தான். 60 வைத்து 58 எடுத்தால் மிச்சம் 2 வெறுங்காலுக்கோ நீர்க்கோழிக்கோ காத்திருக்கும். ஒவ்வொரு கிட்டிக்கும் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சி நடச் சொல்லுங்கள், எடுக்கும்போது குச்சியையும் எண்ணுங்கள். கூலி எலிக்கு இவ்வளவா, கிட்டிக்கு இவ்வளவா, மா நிலத்துக்கு இவ்வளவா என்பதை முதல் நாளே பேசிவிட்டால் வால் எண்ணும் சண்டை வராது. தொண்டைக்கதிர் (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும் பருவம்) வரும்வரை காத்திருந்து கூப்பிடாதீர்கள். தூர் கட்டும்போதே கூப்பிடுங்கள்.

அறுப்பன்றுதான் பயப்பட வேண்டிய நாள். மெஷின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர, எலியெல்லாம் நடுவில் மிஞ்சிய பட்டையில் ஒதுங்கும். கடைசிச் சுற்றில் அவை சிதறி ஓடும்போது பையன்களும் நாயும் தடியோடு வெட்டுப்பட்டைக்கு முன்னாலேயே பாய்வார்கள். டிரைவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கதிர்தான் தெரியும், கதிருக்குள் குனிந்திருக்கும் தலை தெரியாது. மெஷின் நின்று, சத்தம் அடங்கிய பிறகுதான் உள்ளே இறங்கலாம் என்று டிரைவரை வைத்தே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

வளை வெட்டுவது அறுப்புக்குப் பிறகு. முதல் நாள் சாயங்காலம் எல்லா வாயையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் திறந்திருப்பது உயிர் வளை, அதை மட்டும் வெட்டினால் போதும். பாதி வரப்பு பிழைக்கும். கரம்பை எலியின் வளை வாயில் புதுமண் பொலபொலவென்று குவிந்திருக்கும். தப்பி ஓட வைத்திருக்கும் வாயை உள்ளிருந்து மெல்லிய மண்ணால் மூடியிருக்கும், கடப்பாரை நுனியால் தட்டினால் உள்ளே வெறுமையாக இருப்பது சத்தத்தில் தெரியும். புதுமண் இல்லாமல் வாய் வழவழப்பாக இருந்தால், சட்டை உரிந்து கிடந்தால், எலியைத் தின்று உள்ளே படுத்திருப்பது நல்ல பாம்போ விரியனோ ஆகலாம். எந்த வளையிலும் கை விடக் கூடாது, புகைப் பானையும் மண்வெட்டியும்தான். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து 108. கையில் கீறல் உள்ளவர் உறை இல்லாமல் எலியைத் தொடக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி பிடித்தேன் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எலிக்காய்ச்சல் வெறும் காய்ச்சலாகவே போய்விடும்.

உங்கள் வரப்பு நாலு இடத்தில் வெட்டுப்பட்டதற்கு வருவோம். வாயை மட்டும் மண் போட்டு மிதித்தால் போதாது. நம் களிமண் காயும்போது சுருங்கும், அள்ளிப் போட்ட கட்டி வரப்போடு ஒட்டாமல் ஓரத்தில் கீறல் விடும். தண்ணீர் கட்டிய முதல் ராத்திரி அந்தக் கீறலில் கசிந்து, விடிவதற்குள் மடை போலத் திறந்துவிடும். வளை ஓடிய நீளம் முழுக்கத் திறந்து, சாண் உயரத்துக்கு ஈரமண் போட்டு மிதித்து, அதற்கு மேல் அடுத்த சாண் என்று ஏற்ற வேண்டும். வெட்டியவரே மூடித் தர வேண்டும், மூடியதைப் பார்த்த பிறகே கூலி என்று பேசுங்கள். அப்படியே வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரத்துக்குச் செதுக்கிவிடுங்கள், அதற்குள் எலி குடும்பம் நடத்த இடம் போதாது.

வளை நெல் வெட்டியவருக்கு. டெல்டாவில் நெடுநாள் வழக்கம் அதுதான், அதை மாற்றப் போகாதீர்கள். ஆனால் மருந்து வைத்த வயலென்றால் கரம்பை எலி கதிரோடு மருந்துப் பொரியையும் இழுத்துப் போய் அதே அறையில்தான் சேர்த்திருக்கும். அந்த நெல்லை முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டு, அதே அளவு உங்கள் நெல் பட்டறையிலிருந்து அளந்து கொடுங்கள்.