மச்சில் கிடைத்த குதிரைப்படைத் துப்பாக்கி

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டு மச்சில், பூட்டனார் காலத்துக் குட்டைத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. இடப்பக்கம் கம்பியில் கோத்த இரும்பு வளையமும், வலப்பக்கத் தகட்டில் சிங்க முத்திரையும் உள்ளன. உப்புத்தாளால் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இதிலிருந்தே 19-ஆம் நூற்றாண்டுக் குதிரைப்படைத் துப்பாக்கிகளைச் சேகரிக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உப்புத்தாளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தச் சிங்கம் முன்காலில் மணிமுடி ஏந்தி நின்றால் அது கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை. நான்கு முறை அழுத்தித் தேய்த்தால் முத்திரையும் போய்விடும், துப்பாக்கியின் வரலாறும் போய்விடும்.

விசையையும், 'குதிரை' எனப்படும் தட்டும் சுத்தியலையும் அசைத்துப் பார்க்க வேண்டாம். என்றோ கெட்டித்த கரிமருந்து உலர்ந்த நிலையில் இருந்தால் இன்றும் வெடிக்கும். விவரம் அறிந்தவர் மெல்லிய மூங்கில் குச்சியைக் குழலுக்குள் விட்டு, அது நிற்கும் இடத்தை வெளியே மருந்துத் துளை இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டு, உள்ளே மருந்து இருக்கிறதா என்று கண்டுகொள்வார்.

அடுத்தது சட்டம். பழையது என்பதால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே விலக்களிக்கிறது. ஆகவே துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, புகைப்படங்களுடன் காவல் நிலையத்துக்குச் சென்று, எழுத்து மூலம் தகவல் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். அந்த வளையம் அலங்காரம் அன்று. குதிரைமேல் இருப்பவர் தோள்வாரின் கொக்கியில் துப்பாக்கியை மாட்டிக்கொள்வதற்கானது. கும்பினிக் காலாட்படையின் 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட் எனும் நீளத் துப்பாக்கிக்குக் குழல் 39 அங்குலம். குதிரைவீரரின் பேஜெட் கார்பைன் எனும் குட்டைத் துப்பாக்கிக்கு 16 அங்குலமே. மருந்து கெட்டிக்கும் கம்பி, ஓடும் குதிரையிலிருந்து நழுவி விழாதபடி, குழலின் வாயருகே கீலில் பிணைக்கப்பட்டிருக்கும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருந்தால் பழைய வகை. கேப்பு (தட்டினால் வெடிக்கும் சிறு உலோக மூடி) மாட்டும் சிறு குமிழ் இருந்தால் 1840-களை ஒட்டியோ அதற்குப் பின்போ வந்தது, அல்லது பழையதை அவ்வாறு மாற்றியமைத்தது.

1801-இல் பாஞ்சாலங்குறிச்சியை வீழ்த்தியபின், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே கும்பினி தடை செய்த சீமை இது. அதன் முத்திரை தாங்கிய ஆயுதம் உங்கள் மச்சுக்கு எந்த வழியாக வந்தது என்பது, என்னைப் பொறுத்தவரை, துப்பாக்கியைவிட அரிய செய்தி. வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். சேகரிப்பின் முதல் ஏடு அதுவாகட்டும்.

ஒப்புகை கிடைத்து, உள்ளே மருந்து இல்லை என்பதும் உறுதியானபின், மெல்லிய பருத்தித் துணியில் இயந்திர எண்ணெய் தொட்டு இரும்பை மட்டும் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிப் படியும். ஐப்பசி மழைக்காலத்தில் ஈரச்சுவரில் சாய்க்காமல், காற்றாடும் அறையில் கிடத்தி வையுங்கள்.